450 குதிரை, 270 குதிரை: மசில் கார் காலத்துக் கணக்கில் எவ்வளவு உண்மை?

பிப்ரவரி 3, வாசகர் கேள்வி

அமெரிக்காவின் பெரிய வி8 இன்ஜின் போட்ட வேகக் கார்களைத்தான் மசில் கார் என்கிறார்கள். 1970 செவ்ரலே செவல் எஸ்எஸ், 454 கன அங்குல இன்ஜின்: 450 குதிரைத்திறன். 1972 செவல் எஸ்எஸ், அதே 454: 270. இரண்டே வருடத்தில் 180 குதிரை எங்கே ஓடிப்போனது? புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் மசில் காரைக் கொன்றது என்கிறார்கள். இன்னொரு பக்கம், 2024 மாடல் வரை வந்த டொயோட்டா கேம்ரி வி6, சாதாரணக் குடும்பக் கார், 301 குதிரை. அப்படியானால் அந்தக் காலத்து ராட்சச வி8 எல்லாம் வெறும் சத்தம்தானா?

பிப்ரவரி 3, இரவு

முதலில் ஒன்று. நீங்கள் இரண்டு வேறு இன்ஜின்களை ஒப்பிடுகிறீர்கள். 450 என்பது எல்எஸ்6 என்ற இன்ஜின். 1972-ல் வந்தது எல்எஸ்5. கன அங்குலம் ஒன்றுதான். கேம்ஷாஃப்ட், ஹெட், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் விகிதம்) எல்லாம் வேறு.

எல்எஸ்5-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கதை தெளிவாகும். 1971-ல் செவ்ரலேயின் தாய்க் கம்பெனி ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) இரண்டு முறையில் அளந்த எண்களையும் அச்சடித்தது. கிராஸ் (இன்ஜினைத் தனியே வைத்து அளந்தது) 365, நெட் (காரில் இருக்கிறபடி அளந்தது) 285. ஒரே இன்ஜின், ஒரே வருடம், ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை, 80 குதிரை காணோம். 1972-ல் நெட் எண்ணை மட்டும் போட்டார்கள்: 270. ஆக, உண்மையில் குறைந்தது 15. மீதி எல்லாம் அளக்கும் முறை மாறியதால் வந்தது.

பிப்ரவரி 4

கிராஸ், நெட் வித்தியாசம் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

கிராஸ் முறையில் இன்ஜினைக் காரிலிருந்து தனியே எடுத்து டைனோவில், அதாவது சக்தியை அளக்கும் இயந்திரத்தில், மாட்டுவார்கள். ஏர் கிளீனர் கிடையாது. ஆல்டர்னேட்டர் சுமை கிடையாது. காரின் சைலன்சருக்குப் பதிலாகத் தாராளமாகப் புகை வெளியேறும் டைனோ ஹெடர்கள் (புகைக்குழாய்கள்). இக்னிஷன் டைமிங்கையும் கார்புரேட்டர் ஜெட்டையும் அந்த நிமிடத்துக்கு எது நல்லதோ அப்படி வைத்துக்கொள்ளலாம். கிடைத்த எண்ணைக் காற்றழுத்தம், வெப்பநிலைக்குத் திருத்தி எழுதுவார்கள். அதாவது கல்யாண மாப்பிள்ளை போல அலங்கரித்து எடுத்த போட்டோ.

நெட் முறையில் இன்ஜின் காருக்குள் எப்படி உட்கார்ந்திருக்குமோ அப்படி: ஏர் கிளீனர், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், தொழிற்சாலை எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்த்து, தொழிற்சாலை டைமிங்கில். 1972 மாடலிலிருந்து அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் இதற்கு மாறிவிட்டன. கேம்ரியின் 301 இந்த வழியில் வந்த எண். அதை 450-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு.

பிப்ரவரி 4, இன்னும் கொஞ்சம்

கிராஸிலிருந்து நெட்டுக்கு ஒரு சதவீதம் சொல்லுங்கள், 20 கழித்தால் போதுமா என்று கேட்கிறார் ஒருவர். போதாது. 454 எல்எஸ்5-ல் 365 கிராஸ், 285 நெட்: சுமார் 22 சதவீதம். செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட்டின் எல்டி-1ல் 330 கிராஸ், 275 நெட்: 17 சதவீதம்கூட இல்லை. கிரைஸ்லரின் 426 ஹெமியில் 425 கிராஸ், 350 நெட்: கிட்டத்தட்ட 18. எல்லாம் 1971 எண்கள். எக்ஸாஸ்ட் எவ்வளவு நெருக்குகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். பொதுவான பெருக்கல் எண் தருகிற இணையதளங்களை நம்பாதீர்கள்.

நல்ல உதாரணம் 1972-ல் இருக்கிறது. நான்கு பேரல் (காற்று வழி) கார்புரேட்டருடன் 350 சின்ன வி8, செவலில் 175 நெட். அதே வகை 350 கார்வெட்டில் 200. கார்வெட்டுக்கு இரட்டை எக்ஸாஸ்ட். அதுதான் பெரிய வித்தியாசம்.

பிப்ரவரி 9

"அப்படியானால் பழைய எண்கள் எல்லாம் ஊதிப் பெருக்கியவை" என்று முடிவுகட்டிவிட்டார் ஒருவர். பொறுங்கள் சார். இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்தில் வேண்டுமென்றே குறைத்துச் சொன்ன எண்களும் நிறைய.

1967 கார்வெட்டில் இரண்டு 427 இன்ஜின்களைப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். எல்71: மூன்று கார்புரேட்டர், 435 குதிரை. எல்88: 12.5க்கு 1 கம்ப்ரஷன், அலுமினிய ஹெட், பந்தய கேம், 430 குதிரை. விலைப் பட்டியலைப் பார்த்தால் கூடக் காசு கொடுத்து ஐந்து குதிரை குறைவாக வாங்குவது போல இருக்கும். அதுதான் நோக்கமும். எல்88 வாங்கினால் ஹீட்டர் இல்லை, ரேடியோ இல்லை, 103 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். தெருவில் ஓட்டுகிற ஆள் இதை வாங்கிவிட்டு அப்புறம் புகார் சொல்லக்கூடாது என்று செவ்ரலே நினைத்தது. பந்தயக்காரர்களுக்கு விஷயம் தெரியும். 500-க்கு மேலே போகும் இன்ஜின் அது. 1967-ல் 20 கார், 1968-ல் 80, 1969-ல் 116. அவ்வளவுதான் விற்றார்கள்.

பிப்ரவரி 9

பின்குறிப்பு: அலுமினிய பிளாக் போட்ட இசட்எல்1-க்கும் 430 என்றுதான் எழுதினார்கள். மொத்தம் 69 கமாரோ கார்களில் போட்டார்கள். ரப்பர் ஸ்டாம்ப் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள் போல.

பிப்ரவரி 15

குறைத்துச் சொல்ல வேறு காரணங்களும் உண்டு. பனி கொட்டுகிறது, கார் கராஜில் போர்வைக்குள் தூங்குகிறது, எழுத நேரம் இருக்கிறது.

ஒன்று, டிராக் பந்தயம், அதாவது கால் மைல் நேர்கோட்டு ஓட்டம். அதை நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. ஸ்டாக் பிரிவுகளைக் காரின் எடையைக் கம்பெனி அறிவித்த குதிரைத்திறனால் வகுத்துத்தான் பிரித்தது. அறிவிக்கும் எண் குறைந்தால் உங்கள் கார் மெதுவான கார்களின் பிரிவில் போய் உட்காரும். ஜெயிப்பது சுலபம். ஞாயிறு ஜெயித்தால் திங்கள் விற்பனை என்பதை டெட்ராய்ட்டில் எல்லோரும் நம்பினார்கள். என்.எச்.ஆர்.ஏ. ஆட்களும் ஏமாளிகள் இல்லை. முடிவுகளைப் பார்த்துவிட்டு அவர்களே வேறு எண் போட ஆரம்பித்தார்கள்.

இரண்டு, இன்ஷூரன்ஸ். அறுபதுகளின் கடைசியில் எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துக் கூடுதல் பிரீமியம் போடத் தொடங்கினார்கள். இருபது வயதுப் பையனுக்குக் கார் தவணையைவிட இன்ஷூரன்ஸ் பயமுறுத்தியது. என் கணிப்பில், புகைச் சட்டத்துக்கு முன்னாலேயே மசில் கார் சந்தையை இதுதான் நசுக்கத் தொடங்கியது.

மூன்றாவது, ஜி.எம். தலைமையகம். கார்வெட்டைத் தவிர மற்ற கார்களில் ஒரு குதிரைக்குப் பத்து பவுண்டு எடையாவது இருக்கவேண்டும் என்று ஒரு உள்விதி. ஜி.எம்.மின் இன்னொரு பிராண்டான போன்டியாக் ஆட்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், 1967 ஃபயர்பேர்ட் 400-ல் கார்புரேட்டர் லிங்கேஜில் ஒரு சின்னத் தகட்டை வைத்து, இரண்டாம் பேரல்கள் முழுதாகத் திறக்காமல் தடுத்தார்கள். 325 குதிரை என்று கணக்குக் காட்டியாயிற்று. வாங்கியவர் ஒரு குறடை எடுத்துத் தகட்டை வளைத்தால் தடை போச்சு. 1969-ல் ராம் ஏர் 4 இன்ஜினுக்கு ஜிடிஓ-வில் 370, ஃபயர்பேர்டில் 345. அந்த 25 குதிரையைத் தின்றது பெரும்பாலும் இந்த விதிதான்.

பிப்ரவரி 16

ஒரே இன்ஜினுக்கு இரண்டு எண் என்றதும் நினைவு வருகிறது: 1970-ல் 454 எல்எஸ்5 செவலில் 360, கார்வெட்டில் 390. அடுத்த வருடம் கம்ப்ரஷனை 10.25-லிருந்து 8.5-க்கு இறக்கினார்கள். செவல் எண் என்ன ஆயிற்று தெரியுமா? 365. கம்ப்ரஷன் குறைந்தால் சக்தி கூடுமா? எந்த மெக்கானிக்கிடம் சொன்னாலும் சிரிப்பார். 1970-ன் 360 குறைத்துச் சொன்ன எண் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 22

"ஹெமி 425 என்பது பொய், உண்மையில் 500" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஆதாரம் கேட்டால் சத்தம் போடுகிறார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, கம்பெனி அச்சடித்த எண்களை வைத்தே பார்க்கலாம்.

சூத்திரம் எளிது. டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, அடி-பவுண்டில் எடுத்து ஆர்.பி.எம்மால் பெருக்கி 5252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன்.

ஹெமி: 4000 ஆர்.பி.எம்மில் 490 அடி-பவுண்டு. சூத்திரத்தில் போட்டால் 373 குதிரை. 5000-ல் 425 குதிரை என்றால் அங்கே டார்க் 446. ஆயிரம் ஆர்.பி.எம் ஏறியும் டார்க் கொஞ்சம்தான் சரிந்திருக்கிறது, குதிரைத்திறன் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஹெமி 5000-த்தோடு நிற்கிற இன்ஜின் இல்லை, 6000 வரை சுகமாகப் போகும். உச்சம் வருவதற்கு முன்னாலேயே பேனாவை மூடிவிட்டார்கள். 5000-ல் 425 என்பது உண்மையாகவே இருக்கலாம். அது உச்சம் என்று நம்மை நினைக்கவிட்டதுதான் தந்திரம். 500 என்று நான் எழுத மாட்டேன், ஆனால் 425-க்கு மேல் என்பதில் சந்தேகமில்லை.

பிப்ரவரி 22, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. ஃபோர்டு 428 கோப்ரா ஜெட்டைப் போட்டுப் பார்த்தேன். அச்சடித்த எண்: 5200-ல் 335 குதிரை, 3400-ல் 440 அடி-பவுண்டு.

5200-ல் 335 என்றால் அங்கே டார்க் 338. 440-லிருந்து 338! அவ்வளவு செங்குத்தாக விழ இந்த இன்ஜினுக்கு என்ன வியாதி? பெரிய வால்வு, பெரிய ஹோலி கார்புரேட்டர், 427-ன் ஹெட்டை ஒட்டிய போர்ட்டுகள். இன்னொரு பக்கம் பாருங்கள்: 4000-ல் டார்க் 440-ஐ ஒட்டியே இருந்தால், அந்த இடத்திலேயே 335 குதிரை வந்துவிடுகிறது. அதற்கப்புறம் 1200 ஆர்.பி.எம் இன்ஜின் சும்மா சுற்றுகிறதா? ஃபோர்டின் டார்க் எண்ணே ஃபோர்டின் குதிரைத்திறன் எண்ணைக் காட்டிக்கொடுக்கிறது.

1968 பிப்ரவரியில் பொமோனா வின்டர்நேஷனல்ஸில் கோப்ரா ஜெட் மஸ்டாங்குகள் இறங்கின. சூப்பர் ஸ்டாக் பட்டம் அல் ஜோனியெக்குக்கு. 335 குதிரையை யாரும் நம்பவில்லை, என்.எச்.ஆர்.ஏ.வும்தான்.

மார்ச் 1

இன்னொரு வழி, டைனோவே வேண்டாம். குவார்ட்டர் மைல் ஓட்டத்தின் முடிவில் காரின் வேகத்தை 234-ஆல் வகுத்து, மும்மடியாக்கி, ஓட்டுநரோடு சேர்ந்த எடையால் பெருக்குங்கள். தோராயமான குதிரைத்திறன் கிடைக்கும். நேரத்தைவிட வேகம் நம்பகமானது. நேரம் டயர் பிடிப்பையும் ஓட்டுநர் கையையும் பொறுத்தது.

எல்எஸ்6 செவல் அந்தக் காலப் பத்திரிகைச் சோதனைகளில் 105-லிருந்து 108 மைல் வேகம் காட்டியது. எடை 4,000 பவுண்டு என்று வைத்தால் 360-லிருந்து 390 குதிரை.

கோப்ரா ஜெட் மஸ்டாங் 106 மைல். எடை 3,600 என்று வைத்தால் 335.

ஆமாம், சரியாக 335. நானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 2

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஃபோர்டு உண்மை சொன்னதா?" என்று மூன்று பேர். இல்லை. இந்தக் கணக்கு தருவது காரில் மாட்டிய இன்ஜின் உண்மையில் செய்த வேலை, நெட்டுக்கு நெருங்கிய எண். ஃபோர்டு சொன்னது கிராஸ். கிராஸில் அந்த இன்ஜின் 400-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். கிராஸில் அடக்கி வாசித்த எண் நெட்டில் போய்ச் சரியாக உட்கார்ந்துவிட்டது, வெறும் தற்செயல்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. "நேர்மையான" எல்எஸ்6-ன் 450 காருக்குள் 380-ஆக இறங்குகிறது. "பொய்" கோப்ரா ஜெட்டின் 335 காருக்குள்ளும் 335. இன்றைக்கு ஷோரூமில் போய்ப் புதுக் காரோடு ஒப்பிட நினைப்பவருக்கு எந்த எண் உதவும்? பொய்தான் உதவும். நான் இந்த இழையில் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான்: அந்த எண்களை அளவீடாகப் படிக்காதீர்கள். யார், யாருக்குக் காட்ட, எதற்காக எழுதினார் என்று கேளுங்கள்.

மார்ச் 2

டொயோட்டா ரசிகர் ஒருவர் கோபப்பட்டு, "ஜப்பான்காரன் இப்படியெல்லாம் செய்ய மாட்டான்" என்கிறார். அளக்கும் விதிகளை எழுதும் இன்ஜினியர்கள் சங்கமான எஸ்.ஏ.இ. அவற்றை இறுக்கியபோது 2006 மாடல் கேம்ரியின் 3 லிட்டர் வி6 210-லிருந்து 190-க்கு இறங்கியது. அதே இன்ஜின். அதே சமயத்தில் சாட்சி வைத்து அளந்த கார்வெட் இசட்06-ன் எல்எஸ்7, 500 என்று எதிர்பார்த்தது 505 ஆனது.

ஃபோர்டு ரசிகர்கள் சிரிக்கவேண்டாம். 1999 மஸ்டாங் கோப்ராவை 320 குதிரை என்று விற்றார்கள், வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தார்கள், வரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து கொடுத்தது. நெட் எண் என்றால் மட்டும் புனிதம் ஆகிவிடாது.

மார்ச் 17

சட்டம்தான் கொன்றது என்ற முதல் கேள்விக்குத் திரும்புவோம், அதை அந்தரத்தில் விட்டுவிட்டேன்.

1971-ல் ஜி.எம். எல்லா இன்ஜின்களின் கம்ப்ரஷனையும் இறக்கியது. ஈயம் இல்லாத, 91 ஆக்டேன் பெட்ரோலில் ஓடவேண்டும் என்பது காரணம். முடிவெடுத்தவர் தலைவர் எட் கோல். 1955-ல் செவ்ரலேயின் சின்ன வி8-ஐக் கொண்டுவந்த அதே எட் கோல்தான். வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிடிக் கன்வர்ட்டர், வரப்போகிறது, ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். 1975-ல் அது வந்தது.

1971-க்கும் 1975-க்கும் இடையில் உண்மையான வீழ்ச்சி உண்டு, அதை மறுக்கவில்லை. 1975 கார்வெட்டின் அடிப்படை இன்ஜின் 165 குதிரை. 1976 கேடிலாக் எல்டொராடோ, 500 கன அங்குலம், 8.2 லிட்டர், வெறும் 190. இதெல்லாம் நெட்டுக்கு நெட். 1970-லிருந்து 1972 வரை பெரும்பாலும் காகிதத்தில் விழுந்தது, அதற்கப்புறம் ரோட்டில் விழுந்தது. இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து "சட்டம் வந்தது, பாதி சக்தி போச்சு" என்று படம் காட்டுகிறவர்கள் அரைக் கதை சொல்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று: போன்டியாக் சூப்பர் டியூட்டி 455. 1973-ல் 310 நெட் என்று அறிவித்து, கேமைக் கொஞ்சம் சாதுவாக்கி 290-க்கு வந்தார்கள். 8.4 கம்ப்ரஷன்தான். அந்த 290-ஐப் பழைய கிராஸ் பாஷையில் சொன்னால் 370 போல வரும். முதல் வருடத்தில் முந்நூறு ஃபயர்பேர்டுகூட அதோடு வெளிவரவில்லை. எல்லோரும் செத்துவிட்டதென்று சொன்ன வருடத்தில் பிறந்தது.

ஏப்ரல் 20

பனி உருகிவிட்டது, காரை வெளியே எடுத்தேன். என்னுடையது 1972 செவல், இரண்டு பேரல் 350, புத்தகத்தில் 165 நெட். மசில் கார் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். டெட்ராய்ட் பக்கம் ஒரு கடையில் சேசிஸ் டைனோவில் ஏற்றினோம். பின் சக்கரத்தில் 130-ஐ ஒட்டி வந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் தின்றதைச் சேர்த்தால் 160-க்குப் பக்கத்தில் போகிறது. ஐம்பது வருடப் பழைய இன்ஜின், புத்தகம் சொன்ன எண்ணை அப்படியே ஒப்பிக்கிறது. கிராஸ் கணக்கில் இதற்கு 1971-ல் 245 என்று எழுதினார்கள். 245 என்று நினைத்து வாங்கிய ஆள் எப்படி உணர்ந்திருப்பார்!

அப்புறம் ஒற்றை எக்ஸாஸ்ட்டை இரட்டையாக்கினேன். 4000-க்கு மேலே மூச்சு வாங்குவது நின்றது. வேறெதையும் தொடவில்லை. 175-க்கும் 200-க்கும் இடையே உள்ள கதையை நான் நம்புவது இதனால்தான்.

ஏப்ரல் 21

பியூக்கை மறந்துவிட்டீர்களே என்று ஒரு குரல். மறக்கவில்லை, பெரியவர்கள் வண்டி என்பதால் கடைசியில் வைத்தேன். 1970 455 ஸ்டேஜ் 1: 4600-ல் 360 குதிரை, 2800-ல் 510 அடி-பவுண்டு. சாதாரண 455-க்கு 350. பெரிய வால்வு, வேறு கேம், இதெல்லாம் சேர்ந்து வெறும் பத்து குதிரைதானா? பியூக் வாடிக்கையாளரின் இன்ஷூரன்ஸ் ஏஜென்டை பியூக் மதித்தது என்று வைத்துக்கொள்வோம்.

மே 5

கமாரோ இசட்/28-ன் 302-க்கு 290, ஃபோர்டு பாஸ் 302-க்கும் 290, எப்படி என்று கேட்டவருக்கு: டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் எல்லை 5 லிட்டர், அதனால் கன அங்குலம் ஒன்றாக வந்தது. செவ்ரலே 327-ன் பிளாக்கில் 283-ன் குறுகிய ஸ்ட்ரோக் கிராங்கைப் போட்டு 302 ஆக்கியது. குதிரைத்திறன் ஒன்றாக வந்ததற்கு இன்ஜினியரிங் காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஃபோர்டு பின்னால் வந்தது, எதிரியின் விளம்பரத்தைப் பார்த்திருக்கும். இரண்டுமே 7000-த்தை நோக்கி ஓடுகிற இன்ஜின்கள், இரண்டுமே 290-ஐத் தாண்டியவை.

மே 5

டைனோ தாள் வைத்திருப்பவர்கள் இங்கே போடுங்கள். போடும்போது சக்கரத்தில் எடுத்ததா, கிராங்கில் எடுத்ததா, காற்றழுத்த, வெப்பநிலைத் திருத்தம் எஸ்.ஏ.இ. முறையா பழைய எஸ்.டி.டி. முறையா என்று சேர்த்து எழுதுங்கள். எஸ்.டி.டி. திருத்தம் நாலு சதவீதம்போலக் கூட்டிக் காட்டும். கடைக்காரர்கள் அதையே அச்சடித்துக் கொடுப்பார்கள், வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போவார். கிராஸ் காலம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?